கூந்தலின் ஒளி

மகளிர் கூந்தற்கு மணம் இயற்கையிலேயே உண்டோ, அன்றிப் பூவும் புகையும் ஊட்டுதலால் வந்து சேர்வதோ என்னும் வினா நம் இலக்கிய உலகில் மிகப் பழையது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு இறையனார் பெயரால் வழங்குவது. அப்பாட்டைச் சுற்றி எழுந்த தருமியின் கதையையும், சங்கத்தில் நக்கீரர் எழுப்பிய தடையையும் திருவிளையாடற் புராணத்தின் வாயிலாக நாம் அனைவரும் அறிவோம். மணத்தைப் பற்றிய அவ்வழக்கு ஈண்டு நமக்கு வேண்டா. ஆயினும், அதே வினாவைக் கூந்தலின் ஒளியைக் குறித்து எழுப்பிப் பார்த்தல் பயனுடைத்து. கூந்தலின் பளபளப்பு அதற்கு இயல்பாய் அமைந்ததா? எண்ணெயாலும் பூச்சாலும் நாம் ஊட்டுவதா? இதற்கு விடை கண்டாலன்றி வீட்டிற் கூந்தலைப் பேணும் முறையும் விளங்காது. கடைகளில் வீணே பொருளிழத்தலும் ஒழியாது.

முதற்கண் மயிரின் அமைப்பை அறிதல் வேண்டும். தலைத்தோலினுள் புதைந்திருக்கும் மயிர்க்கால் ஒன்றே உயிருடையது. தோலுக்கு வெளியே நாம் காணும் இழை முழுதும் உயிரற்றது. அதனாலன்றோ கத்தரியால் வெட்டுங்கால் நமக்கு நோவதில்லை! இவ்விழை கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. இதன் உட்பகுதியைச் சூழ்ந்து, கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருத்தல் போல, மெல்லிய செதில்கள் அடியினின்று நுனி நோக்கிப் படிந்துள்ளன. அவை ஒழுங்காகப் படிந்திருப்பின் மயிரின் மேற்புறம் வழவழப்பாகும். அதன்மேல் விழும் ஒளி சிதறாது ஒருபுறமாக மீளும். அதனையே நாம் பளபளப்பு என்கின்றோம். செதில்கள் பெயர்ந்தும் உடைந்தும் நிற்பின் ஒளி பல திசையிலுஞ் சிதறி, கூந்தல் மங்கித் தோன்றும். சுருண்ட கூந்தலில் இழைகள் பல திசை நோக்கி வளைதலின் ஒளி ஓரளவு சிதறவே செய்யும். அது குறையும் அன்று, நோயும் அன்று.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மயிர் ஒரு திங்களில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கின்றது. ஆகவே, 60 சென்டிமீட்டர் நீண்ட கூந்தலின் நுனி ஐந்து ஆண்டுகட்கு முன்னர்த் தோன்றியதாகும். இன்று பட்ட வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தியின் சடைநுனி, அவள் பள்ளியிற் பயின்ற நாளில் முளைத்தது. அன்றுமுதல் பட்ட வெயிலும், இழுத்த சீப்பும், தேய்த்த சோப்பும் அதன்மேல் தம் வடுவை விட்டே சென்றிருக்கும். உயிருள்ள தோலிற் பட்ட புண் தானே ஆறும்; உயிரற்ற இழையிற் பட்ட சிதைவு ஆறுவதில்லை. எனவே, கூந்தல் பேணுதல் இருவகைக் கடனாகப் பிரிகின்றது. வெளியே நிற்கும் இழையைச் சிதையாமற் காத்தல் ஒன்று. உள்ளே வாழும் மயிர்க்காலுக்கு உணவளித்தல் மற்றொன்று.

இழையைக் காக்கும் முறைகளுள் முதலாவது கழுவுதல். கட்டிச் சோப்பு பெரும்பாலும் காரத்தன்மை உடையது. காரம் செதில்களைத் தூக்கி நிறுத்தும். அன்றியும், கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல ஊர்களில் உப்பு மிக்கவை. அந்நீரிலுள்ள சுண்ணச்சத்து சோப்புடன் கூடிக் கரையாத வெண்படலமாகி மயிரின்மேல் ஒட்டிக்கொள்ளும். விடுதிக்கு வந்தபின் தம் முடி மங்கிவிட்டது என்று வருந்துவோர் பலர்க்கு இதுவே காரணமாகலாம். அவர்கள் தலைக்குச் சோப்பினை நீக்கி, இறுதியில் ஒரு குவளை நன்னீரால் அலசினும் வேறுபாடு புலப்படும்.

நம் முன்னோர் கையாண்ட சிகைக்காய் இவ்வகையிற் சிறந்தது. சிகைக்குரிய காய் என்று பெயரே அதன் பயனைக் கூறுகின்றது. அதிலுள்ள சபோனின் என்னும் பொருள் நுரை எழுப்பி அழுக்கை அகற்றும். அதன் கரைசல் காரமின்றிச் சிறிது புளிப்புத்தன்மை உடையதாகலின் செதில்கள் படிந்தே இருக்கும். அரப்பு எனப்படும் உசிலை இலைப்பொடியும், பூந்திக்கொட்டையும் சபோனின் உடையனவே. சிகைக்காய்ப் பொடியை மெல்லிய துணியிற் சலித்து, இளஞ்சூடான வடிகஞ்சியிற் குழைத்துக் கால்மணி நேரம் ஊறவைத்துப் பயன்படுத்துதல் நன்று. சலியாத பொடியின் திப்பி மயிரை உராய்ந்து சிதைக்கும். கண்ணிற் படின் எரியுமாதலின் கண்ணை மூடிக்கொள்ளுதல் வேண்டும். ஷாம்பூ வாங்குவோர் அதனை விலக்க வேண்டுவதில்லை. அச்சொல்லே நம் நாட்டினின்று சென்றதுதான். பிடித்துவிடுதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லை, பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகம்மது என்பார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைட்டன் நகரில் நடத்திய நீராட்டு விடுதியின் வாயிலாக ஆங்கிலேயரிடையே பரப்பினார். ஷாம்பூவைத் தலைத்தோலில் அளவாகத் தேய்த்தலே போதும். வழிந்தோடும் நுரையே நுனியைத் தூய்மை செய்துவிடும்.

கழுவும் நாட்களுக்கும் பழைய முறை ஒன்று உண்டு. ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் முழுக்கு நாட்களாக வகுத்தனர். கிழமையின் சிறப்பு எதுவாயினும், வாரத்திற்கு இருமுறை என்னும் அளவு பலர்க்கும் பொருந்துவதே. வியர்வை மிகுந்து ஆடுகளத்தில் நிற்போர்க்கு இன்னும் ஒருமுறை வேண்டியிருக்கலாம்.

இனி எண்ணெய். எண்ணெய் மயிரை வளர்க்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. உயிரற்ற இழைக்கு வளர்ச்சி ஏது? ஆயினும் எண்ணெய் பயனற்றது என்று தள்ளுதலும் தவறாகும். 2003-ஆம் ஆண்டில் ரேலே, மோகிலே என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் இருவர், தேங்காயெண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். கழுவுங்கால் மயிரினின்று புரதம் கழிந்து போதலைத் தேங்காயெண்ணெய் ஒன்றே குறைத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. தேங்காயெண்ணெயில் மிக்குள்ள லாரிக் அமிலம் சிறிய நேரிய மூலக்கூறுடையதாகலின் இழையினுட் புகவல்லது. இவ்விருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனமொன்றிற் பணியாற்றியவர் என்பதையும் அறிந்தே அம்முடிவை ஏற்றல் நேர்மையாகும். ஆகவே, குளித்த பின்னர்த் தலை வழிய எண்ணெய் பூசி வெளியே செல்லுதலினும், குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்னர்ச் சிறிதளவு பூசிப் பின் கழுவுதலே அறிவுடைமை. வழியும் எண்ணெய் புழுதியை ஈர்த்து ஒளியைக் கெடுக்கும். பொடுகுடையோர்க்கு அஃது இன்னும் தீது. பொடுகு வறட்சியால் மட்டும் வருவதன்று. மலசேசியா என்னும் நுண்ணுயிர் தலைத்தோலின் நெய்ப்பசையை உண்டு பெருகுதலும் அதற்குக் காரணம்; எண்ணெய் அதற்கு விருந்தாகின்றது.

வெந்தயமும் செம்பருத்தி இலையும் அரைத்துப் பூசும் வழக்கமும் நம் இல்லங்களில் உண்டு. இவற்றின் வழுவழுப்பான பசை இழையின்மேற் படிந்து சிக்கலைக் குறைக்கும். கடையில் விற்கும் கண்டிஷனர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. சிக்கல் குறையின் சீப்பின் இழுப்பும் குறையும். இவற்றிடம் எதிர்பார்க்கத்தக்க நன்மை இவ்வளவே.

உலர்த்துதலும் வாருதலும் நாம் பெரிதும் கவனியாதவை. நனைந்த மயிர் உலர்ந்த மயிரினும் வலிமை குன்றியது. இழுத்தால் நீண்டு அறும். ஆதலின், நீராடியவுடன் துண்டால் அடித்தும் முறுக்கியும் துவட்டாது, மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து நிழலில் ஆற்றுதல் வேண்டும். அகன்ற பல்லுடைய சீப்பால் முதலில் நுனியைச் சிக்கெடுத்து, பின்னர்ச் சிறிது சிறிதாக மேலேறி அடிவரை வாருதல் முறை. மேலிருந்து ஒரே வீச்சில் இழுப்பின் சிக்குகள் அனைத்தும் கீழே திரண்டு இழைகளை அறுத்துவிடும். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், பலவகைத் துவரும் நறுமணப் பொருளும் ஊறிய நன்னீரில் நீராடிய மாதவி, தன் கூந்தலை நறும்புகையால் உலர்த்திய செய்தி வருகின்றது. அத்துணைப் பொருட்கு நாம் எங்கே போவது? ஆயினும் தூய நீரும் பொறுமையும் நம்மிடம் உள. சூட்டுக் கருவிகளால் நாள்தோறும் மயிரை நேராக்குவோர் அன்றைய ஒளிக்காக மறுநாளைய ஒளியை விலையாகக் கொடுக்கின்றனர்.

இதுகாறும் கூறியவை இழையைப் பற்றியன. மயிர்க்காலின் நிலை வேறு. அதனை எந்தப் பூச்சும் ஊட்டி வளர்ப்பதில்லை. குருதி கொண்டுவருவதே அதற்கு உணவு. நாளொன்றுக்கு 50 முதல் 100 இழை வரை உதிர்தல் இயற்கை. சீப்பிற் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கடுங்காய்ச்சல், மகப்பேறு, திடீரென உணவைச் சுருக்குதல் ஆகியவற்றிற்குப்பின் இரண்டு மூன்று திங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக மயிர் உதிர்வதுண்டு. காரணம் முன்னரே கடந்துபோயிருத்தலின் மக்கள் அதனை மறந்து, அன்று மாற்றிய நீரையோ எண்ணெயையோ பழிக்கின்றனர். உடல் தேறியபின் மயிர் பெரும்பாலும் தானே மீண்டும் வளரும். இடையிற் புகுந்த தைலமே அப்புகழைத் தட்டிக்கொண்டு போகின்றது! வழுக்கையையும் இளநரையையும் தீர்ப்பதாக மருந்து விற்போர் கூறலாகாது என்று, 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுத்துள்ளது. விளம்பரத்தைக் காணுந்தோறும் இதனை நினைத்தல் நலம்.

நீடித்த உதிர்வுக்கும் பொலிவின்மைக்கும் உள்ள காரணங்களுள் இரும்புச்சத்துக் குறைவு ஒன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையினரே. எண்ணிப் பாருங்கள். இல்லத்தில் அனைவர்க்கும் படைத்து, எஞ்சியதை இறுதியில் உண்ணும் பழக்கம் யாருடையது? தாய்மாரும் தமக்கையருமல்லரோ? அவர்தம் கூந்தல் மெலிந்தால் நாம் வாங்கித் தருவது ஒரு புட்டி தைலம். வேண்டியதோ முருங்கைக்கீரையும், பயறும், கேழ்வரகும், முட்டையும், மீனும். இவற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேரின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தின் அது தடைப்படும். மூச்சிளைப்பும் சோர்வும் உடன் காணின் மருத்துவரை அடுத்துக் குருதியைச் சோதித்தல் கடன்.

எனவே, நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு விடை இது: கூந்தலின் ஒளி நாம் புறத்தேயிருந்து ஊட்டுவதன்று. மயிர்க்கால் தருவதை நாம் சிதையாமற் காத்துக்கொள்ளுதலே பேணுதல். விடுமுறைக்கு இல்லம் ஏகும் மாணவ நண்பர்கள், தம் தாயார்க்கும் தங்கையர்க்கும் கூந்தல் தைலம் வாங்கிச் செல்லும் முன், அவர்கள் எப்பொழுது உண்கின்றனர், என்ன உண்கின்றனர் என்பதை ஒருமுறை உடனமர்ந்து காண்பாராக.