கூண்டு எண் சொல்வதும் சொல்லாததும்

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானதும், எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் அதை ஒட்டி வடக்கே உள்ள காட்டுப்பள்ளியிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கும். 1, 3, 5 என்று எண் ஏற ஏற ஆபத்தும் ஏணிப்படி போல ஏறுவதாகவே பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி.

மொத்தம் 11 கூண்டுகள். 1, 2 இரண்டும் தொலைதூர எச்சரிக்கைகள். நடுக்கடலில் புயல் உருவாகக்கூடும் அல்லது உருவாகிவிட்டது என்பதைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவிருக்கும் கப்பலுக்குச் சொல்பவை. துறைமுகத்துக்கு அப்போது ஆபத்து ஒன்றுமில்லை. 3, 4 துறைமுகத்துக்கே உரியவை: பலத்த காற்றை எதிர்பார்க்கலாம், புயல் வரக்கூடும், ஆனால் முழு ஏற்பாடும் செய்யும் அளவுக்கு நிலைமை இன்னும் முற்றவில்லை. 5, 6, 7 மூன்றும் அபாய எச்சரிக்கைகள். மூன்றுக்கும் ஆபத்தின் அளவு ஒன்றே. புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. கடும்புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. கடைசியான 11ஆம் எண் புயலின் வலுவைப் பற்றிப் பேசுவதே இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று துறைமுக அதிகாரி தாமே கருதுகிறார் என்பதே அதன் பொருள்.

இடமா வலமா என்பது மாலுமிக்குச் சாதாரணத் தகவல் அல்ல. கிழக்குக் கடற்கரையை நோக்கி மேற்கே வரும் புயலின் வலப்பக்கத்தில், அதாவது வடக்கில், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். கடல் நீரைத் தள்ளிக்கொண்டு வரும். இடப்பக்கத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். ஆக, 5க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு 4க்கும் 5க்கும் உள்ளதைப் போன்ற வேறுபாடு அல்ல. மாலுமிக்காக உருவான இந்தக் குறியீடு, பொருள் சொல்லப்படாமல் ஊர் மக்களின் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கூண்டின் மேல் தவறில்லை. எண்ணை மட்டும் அறிவித்துவிட்டு, அது யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல் விடுவதுதான் குறை.

ஒரே கூண்டுக்கு ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதும் வேறு. அபாய எச்சரிக்கை ஏறியதும் பெரிய கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு ஆழ்கடலுக்கு அனுப்புவது வழக்கம். கட்டிப்போட்ட கப்பலை அலை தூக்கித் தளத்துச் சுவரில் மோதும், வடம் அறும். அந்த நேரத்தில் பெரிய கப்பலுக்குக் கரைதான் ஆபத்து. பழவேற்காட்டு மீனவரின் ஃபைபர் படகுக்கோ நேர்மாறு. அதை மணலில் மேடான இடம்வரை இழுத்துப் போட்டு, எஞ்சினைக் கழற்றி, வலையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஆபத்து என்பது கடலில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. கடலுக்கும் படகுக்கும் இடையில் உள்ள பொருத்தத்தில் அது இருக்கிறது. எச்சரிக்கை அந்தப் பொருத்தத்தைத் தொட்டுப் பேசினால்தான் பயன்படும்.

மீனவர்களுக்கு வானிலை மையம் தரும் அறிக்கையில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. எந்தக் கடற்பகுதி, எந்தத் தேதிகள், காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர், இடையிடையே எவ்வளவு வரை எகிறும், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று அது நேராகச் சொல்லிவிடுகிறது. மழை அறிவிப்பு அவ்வளவு நேராக இல்லை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை என்று கணக்கு. ‘சில இடங்களில்’ என்றால் பாதி வரை. இந்தக் கணக்கு நாள்தோறும் அறிவிப்பைக் கேட்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மேலைநாடுகளிலும் இதே சிக்கல்தான். 2005இல் கெர்ட் கிகெரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் அவருடைய குழுவினரும், நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்றால் என்ன என்று நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், மிலான், ஏதென்ஸ் நகர மக்களைக் கேட்டார்கள். நாளின் 30 சதவீத நேரம் பெய்யும் என்று சிலரும், 30 சதவீத இடத்தில் பெய்யும் என்று சிலரும் பொருள் கொண்டார்கள். எதில் 30 என்று சொல்லாத சதவீதத்தைக் கேட்பவர் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறார்.

சரியான செய்தியும் காலம் தப்பினால் வீண். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைச் சுழற்றியபோது, பல நாள் தங்கல் மீன்பிடிப்புக்குப் போன விசைப்படகுகள் கரையின் வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தன. எச்சரிக்கை விடப்பட்டது; போய்ச் சேர வேண்டியவர்களுக்குச் சேரவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்களை இழந்தன. செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவி விசைப்படகுகளுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

கரை கடக்கும் இடத்தை மட்டும் பார்க்கும் பழக்கமும் ஆபத்தானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடந்தது. கடப்பதற்கு முன்பே சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் அதன் மழை மூழ்கடித்திருந்தது. மணலியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கி, படகு, வலை, அலையாத்தி வேர் என்று எல்லாவற்றிலும் கறுப்பாகப் படிந்தது. புயல் எங்கே போகிறது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், தண்ணீர் எங்கே வரும் என்ற கேள்விக்குப் பதிலாகிவிடவில்லை.

அதற்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்கு முன், 2017 ஜனவரி 28 விடிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று, எண்ணெய்ப் பொருட்களோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் மற்றொன்று. உயிரிழப்பு இல்லை, எண்ணெய்க் கசிவால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பும் இல்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை கூறியது. அடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கரையில் தார் போன்ற எண்ணெய் திரண்டு ஒதுங்கியது. பிறகு வந்த மதிப்பீடுகள் நூறு டன்னையும் தாண்டின. ஆட்கள் வாளியால் மொண்டு எடுத்த காட்சி நாடு முழுவதும் பரவியது.

முதல் அறிக்கையால் நேர்ந்த கேடு எண்ணெயோடு நிற்கவில்லை. எண்ணெய் இல்லை என்றார்கள், இருந்தது. கொஞ்சம் என்றார்கள், நிறைய இருந்தது. அதன் பிறகு, மீன் நல்ல மீன்தான், சாப்பிடலாம் என்று சொன்னபோது கேட்க ஆள் இல்லை. எண்ணெய் படாத இடத்தில் பிடித்த மீனும் விலை போகவில்லை. எவ்வளவு கொட்டியது என்று இன்னும் தெரியவில்லை, அளந்துகொண்டிருக்கிறோம், தெரியும்வரை இந்தக் கரையில் இறங்காதீர்கள் என்று அன்று காலையே சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று அறிவிப்பது பதற்றத்தை உண்டாக்கும் என்பது அதிகாரிகளிடம் வேரூன்றிய அச்சம். பொய்த்துப்போன ஆறுதல் உண்டாக்கும் பதற்றம் அதைவிடப் பெரிது என்பதற்கு அந்த மீன் விலையே சான்று.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நடந்தது இன்னும் கொடியது. கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மக்களை முதலில் எழுப்பியது நெடியும் மூச்சுத்திணறலும்தான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடியவர்களுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது தெரியவில்லை. ஐம்பது பேரளவில் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும், கண்ணைத் தண்ணீரால் கழுவ வேண்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் அதைச் சம்பவ இரவில் சொல்லிப் பயனில்லை. அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகள், பெருவிபத்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளதுபோல ஆலைகள் நெருங்கிய வட்டாரங்களில் இந்தத் தகவல் தமிழில் மட்டும் இருந்தாலும் போதாது. உருக்காலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் போய்ச் சேர வேண்டும்.

சொல்வது கேட்பவருக்குப் புரியும்படி போய்ச் சேர வேண்டும் என்ற பாடத்தைக் கடல் வணிகம் பல விபத்துகளுக்குப் பிறகு கற்றுக்கொண்டது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற கப்பல் உரையாடல் சொற்றொடர்த் தொகுப்பில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வயர்லெஸ்ஸில் பேசுபவர், குழப்பம் வரக்கூடும் என்று தோன்றினால், சொல்லப்போவது என்ன வகை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்: இது கட்டளை, இது ஆலோசனை, இது எச்சரிக்கை, இது தகவல், இது என் உத்தேசம். கட்டளையோ ஆலோசனையோ வந்தால், கேட்டவர் அதை முழுவதுமாகத் திருப்பிச் சொல்கிறார்.

பணத்தைப் பற்றிய பேச்சில் இந்த ஒழுங்கு அநேகமாக இல்லை. போனஸ் வந்த வாரத்திலும் பி.எஃப். பணம் கைக்கு வந்த மாதத்திலும் தொழிலாளியின் வீட்டுக்கு வரும் முகவர் பேசுவது ஆலோசனையா விற்பனையா என்று முதலில் தெரிய வேண்டும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2013இல் கொண்டுவந்த முதலீட்டு ஆலோசகர் விதிகள் இரண்டையும் பிரிக்கின்றன. ஆலோசகர் பதிவு பெற்றிருக்க வேண்டும்; வாடிக்கையாளரின் வருமானம், கடன், இழப்பைத் தாங்கும் சக்தி ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவருக்குப் பொருந்துவதையே சொல்ல வேண்டும். கமிஷனுக்கு விற்பவர் வேறு. ‘அண்ணே, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்ற வாக்கியம் இந்த இரண்டில் எந்த வகை என்பதைக் காட்டுவதில்லை.

மியூச்சுவல் ஃபண்ட் ஆவணங்களில் ஆபத்தின் அளவை முள்ளால் காட்டும் ரிஸ்கோமீட்டரும் ஒரு கூண்டுதான். 2021 ஜனவரி முதல் அதில் ஆறு நிலைகள். குறைவு என்பதில் தொடங்கி மிக அதிகம் வரை. பெரிய நிறுவனப் பங்குகளை வாங்கும் திட்டத்திலும் சிறிய நிறுவனப் பங்குகளை வாங்கும் திட்டத்திலும் முள் பெரும்பாலும் ‘மிக அதிகம்’ என்பதிலேயே நிற்கிறது. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது முள் நிற்கும் இடம் மட்டுமல்ல, ரூபாய்க் கணக்கு. 2008 ஜனவரியில் 20,000ஐத் தாண்டியிருந்த சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே வந்தது. அந்த உச்சத்தில் குறியீட்டையொட்டிப் போட்ட 5 லட்சம், பதினான்கே மாதத்தில் 2 லட்சத்துக்கும் கீழே போயிருக்கும். பாதியாகச் சரிந்த பணம் பழைய இடத்துக்குத் திரும்ப இருமடங்காக வேண்டும். 25 வயதுக்காரர் காத்திருக்கலாம். அடுத்த ஆண்டு மகள் கல்யாணத்துக்கு என்று வைத்த பணமோ, 58 வயதில் ஓய்வு பெற்றவரின் பணமோ காத்திருக்க முடியாது. ஒரே முள், இரண்டு பேருக்கும் இரண்டு விதமான ஆபத்து. அபாயக் கூண்டு ஏறிய நாளில் கப்பலுக்கும் படகுக்கும் உள்ளதைப் போலவே.

ஆபத்தைத் தெளிவாகச் சொல்லவும் செபி கற்றிருக்கிறது. பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்கள் 10 பேரில் 9 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2023 ஜனவரியில் அதன் ஆய்வு காட்டியது. அந்த வாசகத்தையே தரகு நிறுவனங்களின் செயலிகள், பயனர் உள்ளே நுழையும்போது காட்ட வேண்டும் என்று அந்த ஆண்டே உத்தரவு வந்தது. ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது’ என்று விளம்பரத்தின் முடிவில் மூச்சுவிடாமல் ஓடும் வாசகத்தைவிட ‘10இல் 9’ எவ்வளவோ மேல். ஆனாலும் 2024 செப்டம்பரில் வந்த அடுத்த ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத்தினர் இழந்ததாகவும், மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடி என்றும் சொன்னது. தெளிவாகச் சொன்னாலும், அந்தப் பத்தாவது ஆள் நாம்தான் என்று நம்புகிறவரை அது தடுத்துவிடுவதில்லை.

எச்சரிக்கையே இல்லாமல் விற்கப்படுவதுதான் மிக மோசமானது. ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் வழக்குத் தொடுத்தது. மாதம் 30 சதவீதம் கூட்டுவட்டியாக வளர்ந்தால் 1 லட்சம் ஓராண்டில் 23 லட்சமாகும். எந்தத் தொழிலும் அப்படி ஈட்டுவதில்லை. அக்கம்பக்கத்தில் முதலில் சேர்ந்தவர்களுக்கு வட்டி வந்ததுதான் மற்றவர்களை இழுத்தது. விபத்தில்லாமல் கழிந்த நாட்களைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்வது கடலிலும் நடப்பது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை அளவுக்கு மீறி ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காக்கும் கவசம் அணியாமல் மக்கள் அங்கே படகேறியது அன்றுதான் முதல்முறை அல்ல.

பணத்தைக் கொடுக்கும் முன் சரிபார்க்கச் சில வழிகள் உண்டு. ஆலோசகரின் பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் பார்க்கலாம். சீட்டு நிறுவனம் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று சீட்டுப் பதிவாளரிடம் கேட்கலாம். டெபாசிட் வாங்கும் நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளம் காட்டும். புகாரும் அங்கேயே தரலாம். வங்கி டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல் ரூ.5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. அந்த 5 லட்சம் ஒவ்வொரு கணக்குக்கும் அல்ல. ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும், அசலும் வட்டியும் சேர்த்து.