பல் செராமிஸ்ட் ஆகணுமா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

பல் உடைஞ்சா டாக்டர்கிட்ட போறோம், அவர் ஒரு ‘கேப்’ போட்டு விடுறார். அந்தக் கேப்பைப் பெரும்பாலும் அவர் செய்வதில்லை. பல் அளவு ஒரு லேபுக்குப் போகும். பக்கத்துப் பல்லோடு நிறமும் வடிவமும் ஒத்துப்போகும்படி பீங்கானில் அதைச் செய்து அனுப்புபவர்தான் டென்டல் செராமிஸ்ட். கைவேலை, கலைக்கண், மெட்டீரியல் சயின்ஸ் மூணும் சேர்ந்த தொழில் இது. +2 முடித்த தம்பி தங்கைகளும், கேட்/கேம் படித்த நம்ம ஆட்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆனா எந்தப் பயிற்சியில் சேர்வது என்பதில்தான் குழப்பம்.

முதலில் வேலையைப் புரிஞ்சுக்குவோம்

உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றும் கேப்பை எடுத்துக்கொள்வோம். உலோக நிறத்தை மறைக்க முதலில் ஒபேக் பூச்சு. அதன்மேல் டென்டின், எனாமல் என்று பீங்கான் தூளைக் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, வெற்றிடச் சூளையில் சுட வேண்டும். சுடும்போது பீங்கான் சுருங்கும். அதனால் பெரிதாகக் கட்டி, சுட்ட பிறகு திருத்தணும். கடைசியில் கிளேஸ்.

நிக்கல்-குரோமியம் கலவையின் வெப்ப விரிவு குணகம் கெல்வினுக்குச் சுமார் 14 × 10⁻⁶. சிர்கோனியாவுக்குச் சுமார் 10.5 × 10⁻⁶. மேலே வைக்கும் பீங்கானின் குணகம் அடித்தளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால், ஆறும்போது பீங்கான் அமுக்க விசையில் இருக்கும், விரிசல் விடாது. உலோகத்துக்கான பீங்கானைச் சிர்கோனியாவில் வைத்தால்? ஆறும்போது அது இழுவிசைக்கு உள்ளாகி வெடிக்கும். இந்தக் காரணத்தைச் சொல்லித் தராத இடத்தில் நாம் கற்பது வெறும் மனப்பாடம்.

சிர்கோனியா வேற கதை. அரைகுறையாகச் சுட்ட பிளாக்கை 20 – 25% பெரிதாக மில்லிங் செய்து, சுமார் 1500 டிகிரி செல்சியஸில் சின்டர் செய்வார்கள். சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். இங்கேதான் டிசைன் சாஃப்ட்வேர் தெரிந்தவர்களுக்கு வேலை.

இருக்கும் வழிகள்

1. டென்டல் மெக்கானிக் டிப்ளமோ: இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசு அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முடித்தால் மாநில டென்டல் கவுன்சிலில் பதிவு செய்யலாம். +2-வில் உயிரியல் எடுக்காதவங்க தகுதி விதியை முதல்லயே பாருங்க. இதில் செராமிக் ஒரு பகுதிதான்; பொய்ப்பல் செட்டு, வார்ப்பு எல்லாம் சேர்த்துக் கற்கணும். ஆனா அடித்தளம் பலமாக இருக்கும்.

2. குறுகிய கால வகுப்புகள்: சில நாட்களில் இருந்து சில மாதங்கள் வரை. ஏற்கெனவே லேபில் இருப்பவருக்கு நல்ல மெருகு. ஒண்ணுமே தெரியாதவரைச் செராமிஸ்ட் ஆக்காது. சாஃப்ட்வேர் மட்டும் கற்றால் டென்டல் டிசைனர் ஆகலாம். அதுவும் நல்ல வேலைதான், ஆனா வேற வேலை.

3. வெளிநாடு: ஜெர்மனியில் இது மூன்றரை ஆண்டு அவுஸ்பில்டுங். லேபில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம், மாதாமாதம் உதவித்தொகை. ஜெர்மன் மொழி கட்டாயம் வேணும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

• ஒரு சூளைக்கு எத்தனை மாணவர்கள்? நானே எத்தனை கேப்களைத் தொடக்கம் முதல் கிளேஸ் வரை செய்வேன்? எண்ணைச் சொல்லத் தயங்கினால் யோசிங்க.

• மெழுகில் பல் செதுக்கும் பயிற்சி எவ்வளவு நாள்? பல்லின் வடிவம் கைக்கு வராமல் பீங்கானைத் தொட்டுப் பயனில்லை.

• உலோகம், லித்தியம் டைசிலிகேட், சிர்கோனியா மூன்றும் உண்டா? ஒரே கம்பெனிப் பொருளை மட்டும் காட்டினால் அது பயிற்சியா, விற்பனையா?

• நிறம் பார்ப்பதை உண்மையான நோயாளியிடம் கற்கலாமா? வீட்டா கிளாசிக்கல் கைடில் 16 நிறங்கள் உண்டு. டியூப்லைட்டில் ஒத்துப்போன நிறம் வெயிலில் மாறித் தெரியலாம்.

• தூசி உறிஞ்சும் கருவி இருக்கா? சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். சில உலோகக் கலவைகளில் உள்ள பெரிலியம் இன்னும் ஆபத்து. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

• போன வருஷம் முடித்தவர்கள் இப்போ எங்கே? இரண்டு பேரிடமாவது நீங்களே பேசுங்க.

முடிந்தால் பணம் கட்டும் முன் ஒரு வாரம் ஏதாவது லேபில் போய் உட்காருங்க. ஒரு பல்லைப் பார்த்தபடி ஐந்தாறு மணி நேரம் அசையாமல் வேலை செய்யப் பிடிக்குதான்னு அங்கேதான் தெரியும். டாக்டர் ‘கலர் சேரலை’ன்னு திருப்பி அனுப்பிய கேப்பை அலுக்காமல் மறுபடி முதல்ல இருந்து செய்ய முடியுமான்னும் தெரியும். முடியும்னு தோணினா, தைரியமா சேருங்க.