மணிப்பூரின் எல்லையில் ஒரு தமிழ்த் தெரு

மணிப்பூர் தலைநகர் இம்பாலிலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் போனால் இந்தியா முடிகிறது. அங்கே இருக்கிற சிற்றூர்தான் மோரே. எல்லைக் கதவைத் தாண்டினால் மியான்மர். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்!

1962-இல், அன்று பர்மா எனப்பட்ட மியான்மரில் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலர் வெறுங்கையோடு கப்பலேறித் தமிழகம் வந்தார்கள். இங்கே பிழைப்பு அமையாத சிலர், தரைவழியாகத் திரும்பிப் போக மோரே வரை சென்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்டார்கள். அங்கேயே குடிசை போட்டு, கடை வைத்து, வேரூன்றினார்கள்.

குக்கி, மெய்தி, நேபாளி, பஞ்சாபி மக்களோடு தமிழரும் சேர்ந்து வளர்த்த சந்தை ஊர் இது. 1995-இல் எல்லை வணிகம் முறைப்படி தொடங்கியது. தமிழ்ச் சங்கம் உண்டு. எல்லைக்கு அருகிலேயே அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பார்கள். சாப்பாட்டுக் கடையில் இட்லியும் கிடைக்கும். நூடுல்ஸில் புளிக்கரைசலும் பொரித்த வெங்காயமும் பிசைந்த பர்மிய அத்தோவும் கிடைக்கும்.

2023-இல் மணிப்பூரில் வெடித்த வன்முறை மோரேயையும் விடவில்லை. வீடுகள் எரிந்தன, வணிகம் முடங்கியது. பல மொழியினரும் கூடி உருவாக்கிய இந்த ஊர் மீண்டும் அமைதியோடு தழைக்க வேண்டும்.