ஃபேர்னஸ் பில்ரர்: அச்சிட்ட அளவும் உண்மை அளவும்

எமது அங்கத்தவர்களிற் பலர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிளாசாக்களில் கடை நடத்துகின்றனர். மாரிகாலத்தில் இக்கடைகளுக்கு உயிர் தருவது ஃபேர்னஸ். ஆனால் அது நின்றால்தான் அதன் நினைவு எமக்கு வருகிறது. வெளியே -20 பாகை இருக்கும் ஒரு ஞாயிறு காலையில் அது நின்றுவிட்டால், திருத்துபவரின் அவசர வருகைக் கட்டணம், விறைத்துக் கறுக்கும் கீரை, வாழைப்பழம், வாசலோடு திரும்பும் வாடிக்கையாளர் என்று நட்டம் பல பக்கத்தால் வரும். ஃபேர்னஸ் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிக எளியது, சில டொலர் பெறுமதியான பில்ரர். அதை மாற்றாமல் விட்டால் கேடு என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றியும் பொருந்தாத ஒன்றைச் செருகிவிடுவதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பில்ரரின் சட்டத்தில் 16×25×1 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இது பெயரளவு. அளவுநாடாவை வைத்துப் பார்த்தால் 15½×24½×¾ அங்குலம் என்று வரும். இன்னொரு கம்பனியின் 16×25×1 சற்றுப் பெரிதாக, 15¾×24¾ என்று இருக்கலாம். 2 அங்குலம் என்பது பெரும்பாலும் 1¾. 4 என்பது 3⅝ அல்லது 3¾. நிறை குறைத்து விற்பது போலத் தோன்றினாலும் இது ஏமாற்றல்ல. 2×4 என்று விற்கப்படும் மரம் உண்மையில் 1½×3½ இருப்பது போன்ற வழக்கந்தான். உண்மை அளவும் சட்டத்தின் ஓரத்திலோ உறையிலோ சிறிய எழுத்தில் இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தை.

பழைய பில்ரரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே பலரின் வழக்கம். அந்தப் பழையது சரியானது என்று யார் சொன்னது? முன்பு அந்த இடத்தை வாடகைக்கு வைத்திருந்தவர், அன்று கிடைத்ததைச் செருகிவிட்டுப் போயிருக்கலாம். ஆகவே ஃபேர்னஸை நிறுத்திவிட்டு, பில்ரரை வெளியே எடுத்து, செருகுமிடத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் நேரடியாக அளக்க வேண்டும். தவாளிப்பின் அடிவரை அளக்க வேண்டும். வாய்விளிம்பை மட்டும் அளந்தால் குறைவாகத்தான் வரும். பில்ரர் அந்த அளவைவிடக் கால் அங்குலம் சிறிதாக இருப்பது நல்லது. நெரித்துச் செருகினால் மட்டைச் சட்டம் வளைந்து, அந்த வளைவே இடைவெளியாகிவிடும். அளந்த கணக்கை அழியாத மையால் ஃபேர்னஸின் பெட்டியிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை கடையில் வேலை செய்யும் பிள்ளையை அனுப்பினாலும் சரியானதை வாங்கி வருவார்.

அரை அங்குல இடைவெளியால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். 24 அங்குல நீளத்தில் அரை அங்குலம் திறந்திருந்தால் 12 சதுர அங்குலம். 400 சதுர அங்குலப் பில்ரருக்கு இது நூற்றுக்கு மூன்றுதான். ஆனால் தடையில்லாத வழியென்பதால் அதனூடாகப் போகும் காற்றின் பங்கு அதைவிட அதிகம். பில்ரரில் தூசி ஏற ஏற அந்தப் பங்கு மேலும் கூடும். வீட்டில் இது சாதாரணத் தூசி. எமது கடைகளில் மாவும் மிளகாய்த்தூளும் அரிசித் தவிடுமாகும். அவை ஊதுவிசிறியின் இதழ்களில் படியும். கோடையில் குளிரூட்டியின் சுருள் ஈரமாக இருக்கும். ஈரத்தில் மா பட்டால் என்னவாகும் என்று பலசரக்குக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அப்பசையைச் சுத்தம் செய்யும் செலவில் பல வருடத்துக்குப் பில்ரர் வாங்கலாம்.

சரியான அளவு கிடைக்காதபோது சிறியதைச் செருகி ஓரத்தைத் துணியால் அடைப்பதையும், இரண்டை ஒன்றோடொன்று சேர்த்து வைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். துணி கழன்று விசிறிக்குள் இழுபடலாம். இரண்டு சேர்த்தால் காற்று தடைப்படும். காற்றுக் குறைந்தால் எரியறை அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு ஆளி நெருப்பை அணைத்துவிடும். சூடு ஆறியதும் மீண்டும் எரியும், மீண்டும் அணையும். மாரிகாலத்தில் கடை சூடாகாமல் ஃபேர்னஸ் மட்டும் விட்டுவிட்டு ஓடினால் முதலில் பில்ரரைப் பாருங்கள். அளவில் சிறு வித்தியாசம் என்றால் தகர வேலை செய்பவரைக் கொண்டு ஒரு தகட்டுச் சட்டம் அடித்து வைப்பதே முறை.

இன்னுமொன்று. செருகுமிடத்தின் மூடி தொலைந்து திறந்தபடி கிடப்பது நிலக்கீழ் அறைகளில் சாதாரணம். இதை அலட்சியம் செய்ய வேண்டாம். விசிறி அந்த அறையின் காற்றையே உறிஞ்சும். அதே அறையில் புகைபோக்கியுடன் கூடிய காஸ் சுடுநீர்த் தாங்கி இருந்தால், வெளியே போக வேண்டிய புகை உள்ளே இழுபடலாம். அதில் மணமில்லாத காபன் மொனொக்சைட் வாயு இருக்கக்கூடும், ஆளைக் கொல்லக்கூடியது. மூடியை உடனே போடுங்கள். பில்ரரை நாமே மாற்றலாம். காஸ் சம்பந்தப்பட்ட வேலைக்கு ஒன்ராறியோவில் ரி.எஸ்.எஸ்.ஏ. சான்றிதழ் பெற்றவரையே அழைக்க வேண்டும்.

வடிகட்டும் தரத்தை மேர்வ் என்ற எண்ணால் சொல்வர். சில கம்பனிகளும் கடைகளும் எம்.பி.ஆர்., எப்.பி.ஆர். என்று தம் சொந்த எண்களை அச்சிடுகின்றன. எப்.பி.ஆர். 10 என்பது மேர்வ் 10 அல்ல. மேர்வ் 13க்குக் கிட்டியது. கூடிய எண் நல்லதென்று 1 அங்குலப் பில்ரரில் 13ஐத் தேடுவது எமக்குச் சரியாகப்படவில்லை. தூசிக் கடைக்கு மேர்வ் 8 வாங்கி அடிக்கடி மாற்றுவதே மேல். உறையில் மூன்று மாதம் என்றிருந்தாலும் மாதமொருமுறை எடுத்துப் பாருங்கள். அம்புக்குறி விசிறியின் பக்கம் நோக்க வேண்டும்.

பிளாசாக் கடைகளுக்குப் பெரும்பாலும் யந்திரம் கூரைமேல். அதில் 2 அங்குலப் பில்ரர்கள் பல, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ஒன்று சிறிதானாலும் வரிசை முழுவதும் விலகும். மாற்றும் பொறுப்பு யாருக்கு என்பதைக் குத்தகைப் பத்திரத்தில் பாருங்கள். பல பத்திரங்கள் அதை வாடகைக்காரர் தலையில் போடுகின்றன. வேலைக்கு ஆள் பிடித்திருந்தால், பற்றுச்சீட்டில் பில்ரரின் அளவையும் எண்ணிக்கையையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பில்ரரை விற்பனைக்கு வைக்க எண்ணும் அங்கத்தவர்களுக்கு 16×25×1, 20×25×1 ஆகியவை தயக்கமின்றி ஓடும். 4, 5 அங்குலத் தடிப்பானவற்றைப் பெட்டியாக வாங்க வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி சட்டம் மாறும், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் இறுகும் அல்லது ஆடும். வாடிக்கையாளர் மாதிரி இலக்கத்தைக் கொண்டு வந்தபின் ஒவ்வொன்றாகத் தருவித்துக் கொடுக்கலாம்.