ஒரே ஒரு புள்ளி!

சோழவரம் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது என்று உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். "கார் பந்தயம்!" என்பார். எங்கள் ஊரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. அதில் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. பந்தயத்தில் ஜெயித்தவர் யார் என்று சொல்வது சுலபம். கோட்டை முதலில் தாண்டியவருக்கே கோப்பை!

கால்பந்து லீக் போட்டி அப்படி இல்லை. மாதக்கணக்கில் ஆடுகிறார்கள். ஒருநாள் ஜெயிக்கிறார்கள், மறுவாரம் தோற்கிறார்கள். பிறகு யாருக்குக் கோப்பை கொடுப்பது? இதற்கு உலகில் இரண்டு விதமான கணக்குகள் இருக்கின்றன. இரண்டையும் பார்ப்போமா?

புள்ளிக் கணக்கு

வெற்றிக்கு 3 புள்ளி. டிராவுக்கு 1 புள்ளி. தோல்விக்கு ஒன்றும் இல்லை. எல்லா ஆட்டங்களும் முடிந்ததும் அதிகப் புள்ளி பெற்ற அணியே சாம்பியன். இது முதல் முறை.

2018-19 ஐ-லீக் போட்டியில் நம் தமிழ்நாட்டின் சென்னை சிட்டி அணி ஆடியது. 2017-ல்தான் இந்த லீக்கில் நுழைந்த அணி அது. எதிரே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். 1920-ல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற அணி! ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள்.

இறுதியில் இரண்டு அணிகளும் 13 ஆட்டங்களில் வென்றிருந்தன. சென்னை சிட்டி 4 டிரா, 3 தோல்வி. ஈஸ்ட் பெங்கால் 3 டிரா, 4 தோல்வி. கூட்டிப் பாருங்கள். சென்னை சிட்டிக்கு 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்! ஓர் ஆட்டத்தில் தோற்காமல் டிரா செய்தார்களே, அந்த ஒரு புள்ளிதான் கோப்பையைக் கொண்டுவந்தது. "ஜெயிக்க முடியாவிட்டால் இனி எதற்கு ஓட வேண்டும்?" என்று நினைத்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

கோவையில் கடைசி நாள்

2019 மார்ச் 9. அன்று காலையில் சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கடைசி ஆட்டம் மட்டுமே பாக்கி. சென்னை சிட்டி கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் அணியைச் சந்தித்தது. ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்கொண்டது.

தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது! மினர்வா என்றால் சும்மாவா? முந்தைய ஆண்டின் சாம்பியன். இடைவேளை வரை சென்னை சிட்டியால் பதில் கோல் போட முடியவில்லை. கோவை ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இடைவேளைக்குப் பிறகு ஒரு பெனால்டி வாய்ப்பு வந்தது. உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி அதை கோலாக்கினார். அந்த சீசனில் அவர் அடித்தவை மொத்தம் 21 கோல்கள். ஆனால் டிரா போதாது. ஏனெனில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், பின்தங்கியிருந்தும் மீண்டு வந்து 2-1 என்று ஜெயித்துவிட்டது. டிரா என்றால் 41 புள்ளிதான். கோப்பை கை நழுவிவிடும்!

அப்போது கை கொடுத்தவர் யார் தெரியுமா? கோல் போடுவதையே வேலையாகக் கொண்ட முன்கள வீரர் அல்ல. பின்களத்தில் நின்று எதிரணியைத் தடுக்கும் கௌரவ் போரா! அவர் இரண்டு கோல் போட்டார். 3-1 என்ற கணக்கில் வெற்றி. ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. அணியின் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்காரர்.

மெக்சிகோவில் வேறு கணக்கு

இனி இரண்டாவது முறை. கால்பந்துக்குப் பேர்போன மெக்சிகோவில் முதல் நிலை லீக்கில் 18 அணிகள் ஆடுகின்றன. அங்கே ஓர் ஆண்டில் இரண்டு சாம்பியன்கள்! ஜூலையில் தொடங்குவது 'அபெர்துரா', அதாவது தொடக்கம். ஜனவரியில் தொடங்குவது 'கிளவுசுரா', அதாவது முடிவு. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தால் கோப்பை கிடைக்காது. முன்னணி அணிகள் மோதும் 'லிகியா' என்ற நாக்-அவுட் சுற்றிலும் ஜெயிக்க வேண்டும்.

2024 அபெர்துராவில் நடந்ததைக் கேளுங்கள். குரூஸ் அசூல் அணி 17 ஆட்டங்களில் 42 புள்ளிகளுடன் முதலிடம். அமெரிக்கா என்ற பெயருடைய மெக்சிகோ அணி 27 புள்ளிகளுடன் எட்டாவது இடம். ஆனால் அரையிறுதியில் அமெரிக்கா அணி குரூஸ் அசூலை வீழ்த்தியது. இறுதியில் மான்டரே அணியையும் வென்று கோப்பையைத் தட்டிச் சென்றது. எட்டாவது வந்தவர் சாம்பியன்!

இந்த முறையால் நமக்கும் லாபம் கிடைத்திருக்கிறது. 2017-18 ஐ.எஸ்.எல். போட்டியில் பெங்களூரு அணி 40 புள்ளிகளுடன் முதலிடம். சென்னையின் எஃப்.சி. 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம். ஆனால் 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னையின் அணி 3-2 என்று வென்று சாம்பியன் ஆனது.

எது நியாயம்?

முதல் முறை, தினமும் ஒழுங்காகப் படிக்கும் மாணவனுக்குப் பரிசு தருகிறது. இரண்டாவது முறை, முழு ஆண்டுத் தேர்வில் பதறாமல் எழுதுபவனுக்குப் பரிசு தருகிறது. இரண்டு திறமையும் வேண்டியவைதானே? அதனால்தான் ஐ.எஸ்.எல். போட்டியில் 2019-20 சீசன் முதல் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்குத் தனியாக ஒரு கேடயம் வழங்கத் தொடங்கினார்கள். முதலில் அதைப் பெற்றது கோவா அணி.

நீங்களே நடத்துங்கள்

இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் ஒரு லீக் நடத்திப் பாருங்கள். நான்கு அணிகள் போதும். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடன் ஒருமுறை மோதினால் மொத்தம் 6 ஆட்டங்கள். ஒரு சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு வெற்றி, டிரா, தோல்வி, புள்ளி என எழுதுங்கள். பிறகு முதல் இரண்டு அணிகளுக்கு இறுதி ஆட்டம் வையுங்கள்.

பட்டியலில் முதலிடம் பிடித்த அணியே இறுதி ஆட்டத்திலும் ஜெயித்ததா? வேறு அணி ஜெயித்திருந்தால் கோப்பையை யாருக்குக் கொடுப்பீர்கள்? ஆட்டம் தொடங்கும் முன்பே கூடிப் பேசி முடிவு செய்துவிடுங்கள். அப்போதுதான் பிறகு சண்டை வராது!