சம்புத்தீவுப் பிரகடனம் அழைத்தவர்களும் அழைக்காதவர்களும்

1801ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. சின்ன மருதுவின் பெயரால் வெளியான அதனை இன்று சம்புத்தீவுப் பிரகடனம் என்கிறோம். வரியைக் குறைக்கும்படியோ, அதிகாரியை மாற்றும்படியோ அது கேட்கவில்லை. கம்பெனி ஆட்சியையே ஒழிக்க ஆயுதம் ஏந்துமாறு மக்களை அழைத்தது. தென்சீமை அந்த நிலைக்கு வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அதன் முதல் தடம் சங்கரன்கோவிலுக்கு மேற்கேயுள்ள நெற்கட்டும்செவலில் பதிந்திருக்கிறது.

மதுரை நாயக்கர் ஆட்சி 1736இல் முடிவுற்றபின் பாளையங்களின் கப்பத்துக்கு ஆற்காட்டு நவாப் உரிமை கொண்டாடினார். வசூலிக்கும் வலு அவரிடம் இல்லை. கம்பெனியின் படையை நம்பியிருந்தார். 1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் படையுடன் நெல்லைச் சீமைக்கு வந்தனர். பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். கோட்டையை உடைக்கும் பெரும் பீரங்கிகள் இல்லாத ஹெரான் வெறுங்கையுடன் திரும்பினார். பின்னாளில் மாபூஸ்கானே பூலித்தேவரின் அணியில் சேர்ந்தது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. 1761இல் யூசுப்கான் நெற்கட்டும்செவலைக் கைப்பற்றும்வரை அந்த எதிர்ப்பு நீடித்தது. மேடைகளில் இதை முதல் விடுதலைப் போர் என்கிறோம். துல்லியமாகச் சொன்னால் அது ஒரு மறுப்பு. ‘உனக்குக் கப்பம் கட்டமாட்டேன்’ என்பது வேறு; ‘உன் ஆட்சியே செல்லாது’ என்று ஊரறிய எழுதி ஒட்டுவது வேறு.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு முறையீடும் உண்டு. 1792 ஒப்பந்தத்தால் பாளையங்களின் கப்பத்தை நேரடியாக வசூலிக்கும் அதிகாரம் கம்பெனிக்குக் கிடைத்தது. 1798இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, இறுதியில் இராமநாதபுரத்தில் சந்தித்தபோது கைகலப்பு மூண்டது. கட்டபொம்மன் சென்னை அரசுக்கு முறையிட்டார். விசாரணைக் குழு அமைந்தது. கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவி இழந்தார். முறையீடு வென்றது. ஆனாலும் ஓராண்டுக்குள், 1799 அக்டோபர் 16 அன்று, கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அதிகாரி மாறினார், அதிகாரம் மாறவில்லை. நமது கணிப்பில் திருப்புமுனை இதுவே. அமெரிக்கக் குடியேற்றவாசிகள் 1775 ஜூலையில் அனுப்பிய சமாதான விண்ணப்பத்தை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஏற்க மறுத்தார். மறு ஆண்டே அவர்கள் விடுதலையை அறிவித்தனர். அங்கே விண்ணப்பம் தோற்றதால் பிறந்த முடிவு, இங்கே விண்ணப்பம் வென்றும் பயனற்றுப்போனதால் பிறந்தது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை பின்னர் மருதிருவரோடு சேர்ந்தபோது, முறையிடுவதற்கு யாரும் மிஞ்சியிருக்கவில்லை.

இனி அந்த அறிவிப்பின் வாசகத்துக்கு வருவோம். பாளையக்காரர்களை மட்டுமன்றிக் கம்பெனிப் படையிலிருந்த சுபேதார்களையும் சிப்பாய்களையும் கூட அது அழைக்கிறது. அக்காலத்துக்கு இது பெரும் பாய்ச்சல். ஆனால் அதன் விளிப்பை ஊன்றிப் படிக்க வேண்டும். எல்லாச் சாதியாருக்கும் என்று பொதுவாகத் தொடங்கி, பெயர் சொல்லும் இடத்தில் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று பட்டியலிடுகிறது. நால்வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. போதாக்குறைக்கு, வெள்ளையரைத் திட்டுவதற்கு அது கையாளும் வசையே ‘இழிந்தவர்கள்’ என்பதுதான். எதிரியை இகழவும் சாதியின் மொழியே தேவைப்பட்டிருக்கிறது.

பொதுச்சொல்லுக்குள் எல்லோரும் அடங்குவர் என்று சிலர் வாதிடலாம். அப்படியானால் மற்ற ஐவரைப் பெயரிட வேண்டிய தேவை ஏன் எழுந்தது?

படைகளில் அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் இக்கேள்விக்கே இடமில்லை. பூலித்தேவரின் படைத்தளபதியாக அருந்ததியரான ஒண்டிவீரனையும், அதே படையில் போரிட்ட தேவேந்திரரான வெண்ணிக்காலாடியையும் இவ்வட்டார மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். கம்பெனி முகாமுக்குள் தனியாக ஊடுருவிய ஒண்டிவீரன், குதிரை கட்டும் முளை தன் கையில் இறங்கியபோது கையையே வெட்டிக்கொண்டு தப்பினார் என்கிறது வாய்மொழி மரபு. சரிந்த குடலைத் துணியால் கட்டிக்கொண்டு போரிட்டதாக வெண்ணிக்காலாடியைச் சொல்கிறது. கம்பெனிக் கடிதங்கள் கப்பத்தையும் தலைவர்களையும் எழுதின. வீரர்களின் பெயரைச் சுமந்தது வாய்மொழியே. இது வரலாற்றுச் சான்றாகுமா என்று கேட்கும் ஆய்வாளர்கள், எழுதும் கை யாரிடம் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டபோது மாண்டவர்களில் ஒருவர் ஆப்பிரிக்க வழித்தோன்றலான கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ். ஆறு ஆண்டுகள் கழித்து, மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று எழுதிய ஜெபர்சன் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் வரைவில் எழுதிய பகுதியையும் காங்கிரஸ் நீக்கிவிட்டது. அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் ஜோதிராவ் புலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ நூலைக் காணிக்கையாக்கினார்.

மருதிருவர் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரம் போன்ற பாளையங்கள் ஜமீன்களாயின. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வேண்டும் என்ற பேச்சு அரசு ஆணையாக வடிவெடுத்தது 1892இல், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பின்னர்தான். அந்தப் பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டம் இன்றும் தொடர்கிறது.

ஒண்டிவீரனுக்கு 2022 ஆகஸ்ட் 20 அன்று இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டது. அவரது நினைவுநாளான ஆகஸ்ட் 20ஐயும் பூலித்தேவர் பிறந்தநாளான செப்டம்பர் 1ஐயும் ஒட்டித் தென்காசி மாவட்டத்தில் தடை உத்தரவு பிறப்பிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. ஒரே படையில் நின்று போரிட்டவர்களுக்கு மாலையிட, இரு தரப்பாரும் வெவ்வேறு நாட்களில் காவல்துறையின் அனுமதியோடு நெற்கட்டும்செவலுக்கு வருகிறார்கள்.