எட்டு மெகாபைட் பெட்டகம்

சென்ற கோடை விடுமுறையில் காரைக்காலில் உள்ள என் வீட்டிற்கு மாணவர் ஒருவர் வந்தார். கையில் பழைய 'பிளேஸ்டேஷன் 2' விளையாட்டுக் கருவி; பிரான்சில் குடியேறிய அவருடைய அண்ணன் கொடுத்துச் சென்றது. "சார், நானும் அண்ணனும் சேர்ந்து ஆடியதெல்லாம் இந்த மெமரி கார்டில்தான் இருக்கிறது. ஆட்டத்தைச் சேமிக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது ஒன்று 'கெட்டுப்போன தகவல்' என்று வருகிறது. மற்றவையும் போய்விடுமா?" என்று கேட்டார்.

2000-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த இக்கருவி 15 கோடிக்கு மேல் விற்றது. 2009-இல் ஐதராபாத்தில் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற ஆட்டமும் இதற்காக உருவாக்கப்பட்டது. 2013-க்குள் கருவியின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே, கார்டில் உள்ளதைக் காப்பது இனி நம் பொறுப்பு.

கார்டின் உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட சிறு சிறைகளில் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருக்கின்றன. சிறையில் எலெக்ட்ரான் உண்டா இல்லையா என்பதே 0, 1 என்னும் குறிகள். மின்சாரம் இல்லாமலே அவை நிற்கும். ஆனால் என்றென்றைக்கும் அல்ல. இவ்வகைச் சில்லுகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக உறுதியளிக்கும் காலம் 10 ஆண்டுகள்.

கார்டின் கொள்ளளவு 8 மெகாபைட். அது 1024 பைட் கொண்ட சிறு மனைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்த மனை எந்த ஆட்டத்துக்கு உரியது என்பதைப் பட்டாப் பதிவேடு போன்ற ஓர் அட்டவணை சொல்கிறது. எழுதும் நடுவே மின்சாரம் நின்றால், நிலம் அப்படியே இருக்கும். பதிவேடு மட்டும் அரைகுறையாக நிற்கும். ஒவ்வோர் ஆட்டத்தின் கோப்புறையிலும் 'ஐகான்.சிஸ்' என்ற சிறு கோப்பு இருக்க வேண்டும். அது இல்லையென்றாலும் கருவி அக்கோப்புறையைக் கெட்டதென்றே காட்டும்.

கருவியின் சொந்தத் திரையில், சேமித்ததை மற்றொரு கார்டுக்கு நகலெடுக்கலாம், அழிக்கலாம். யுஎஸ்பி பென் டிரைவுக்கு அனுப்ப அதில் வழியில்லை. இக்குறையைத் தீர்க்க ஆர்வலர்கள் தாமே எழுதிய மென்பொருள்களுள் ஒன்று 'யூலாஞ்ச்எல்ஃப்'. இத்தகைய ஆர்வலர் நிரல்களை 'ஹோம்புரூ' என்பர். இதனை இயக்க 2008-இல் வந்த 'ஃப்ரீ மெக்பூட்' உதவுகிறது. கருவி தொடங்கும்போது கார்டில் மேம்பாட்டுக் கோப்பு ஏதும் உண்டா என்று பார்க்கும். அந்த வாசல் வழியே இது நுழைகிறது. கடைசியாக வந்த சில மாதிரிகளில் அந்த வாசல் அடைக்கப்பட்டுவிட்டது.

நண்பர் ஒருவர் தயாரித்துத் தந்த கார்டை முதல் துளையிலும், மாணவரின் கார்டை இரண்டாவதிலும் செருகினோம். திரையில் முதல் கார்டு 'எம்சி0', இரண்டாவது 'எம்சி1', பென் டிரைவ் 'மாஸ்' என்று தெரிந்தன. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும். கோப்புறையைத் தேர்ந்து, ஆர்1 பொத்தானை அழுத்தி, பட்டியலில் 'காப்பி' கொடுத்தோம். பென் டிரைவுக்குச் சென்று 'பிஎஸ்யூபேஸ்ட்' கொடுத்தோம். வெறும் 'பேஸ்ட்' கொடுத்தால் கோப்புகள் மட்டும் செல்லும். இதிலோ தேதி, பண்புகள் உட்பட முழுக் கோப்புறையும் ஒரே பொட்டலமாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'சிஸ்டம்' என்று முடியும் கோப்புறைகளைத் தொடாதீர்கள். 'ஃப்ரீ மெக்பூட்' குடியிருப்பது அங்கேதான். அதை அழித்தால் வந்த வழியே மூடிவிடும்.

மாணவரின் ஏழு கோப்புறைகளில் ஆறு பத்திரமாக வந்து சேர்ந்தன. ஏழாவதில் 'ஐகான்.சிஸ்' இல்லை; ஆட்டத்தின் கோப்பும் பாதியே எழுதப்பட்டிருந்தது. அது மீளவில்லை. "அண்ணனிடம் என்ன சொல்வது?" என்றார் அவர். ஆறு பொட்டலங்களையும் அன்றே அண்ணனுக்கு அனுப்பச் சொன்னேன். இப்போது அவற்றின் பிரதி இரண்டு ஊர்களில் இருக்கிறது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது காவிரிக் கரை மக்களுக்குப் புதிதல்ல. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு கார்டு கிடக்கிறதா? இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.